எரிவதற்கு முன்பு கார்டினர் தெரு

எர்னஸ்டின் கெய்தருக்கு அந்தக் கூட்டத்துக்கு வர இஷ்டமே இல்லை. பெர்னிஸ்தான் விடவில்லை. பழைய கார்டினர் தெருக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மவுண்ட் நெபோ சர்ச் கூடத்தில் கூடுகிறார்களாம், யாரோ அந்தக் காலத்துப் படங்களாகச் சேர்த்து வைத்திருக்கிறார்களாம், திரையில் போட்டுக் காட்டப்போகிறார்களாம் என்று ஒரு வாரமாக போனில் நச்சரித்தாள்.

"நாம போனப்புறம் அந்தத் தெருவை யாருடி ஞாபகம் வச்சிருக்கப் போறா? ஒரு மணி நேரம்தான். வாயேன்."

பெர்னிஸ் ஒரு காலத்தில் எர்னஸ்டினின் அண்ணன் வெண்டலுக்கு நிச்சயம் செய்திருந்த பெண். அவன் செத்து நாற்பத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது. பெர்னிஸ் வேறொருவனைக் கட்டி, அவனையும் புதைத்தாயிற்று. ஆனாலும் இரண்டு பேரும் இன்றுவரை அண்ணியும் நாத்தனாருமாகவே பழகிவந்தார்கள். அதனால் எர்னஸ்டினால் அவளிடம் முடியாது என்று சொல்ல முடியவில்லை. கைத்தடியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கூடத்தில் ஐம்பது அறுபது கிழங்கள். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். இரண்டு பேரும் பின்வரிசையில் உட்கார்ந்தபோது படம் தொடங்கியிருந்தது. திரையில் கார்டினர் தெரு விரிந்தது. ஒன்றோடொன்று தோள் ஒட்டிய செங்கல் வீடுகள், வீட்டுக்கு வீடு வெள்ளைப் பளிங்குப் படிகள். சனிக்கிழமை காலையில் முட்டிபோட்டுப் படி தேய்க்கும் பெண்கள். கழுத்தில் மணி கட்டிய குதிரையோடு ஒரு தர்பூசணி வண்டி. கிழங்கள் உச்சுக்கொட்டின. "அது எங்க வீடு!" என்றது ஒரு குரல். "உங்க வீட்டுப் படி எப்ப வெள்ளையா இருந்துச்சு? அது பக்கத்து வீடு" என்றது இன்னொன்று. சிரிப்பு. மருந்துக்கடை வந்தது, அதில் கடுகுச் சாந்து தடவி விற்ற மீன் வடையைப் பற்றிப் பேச்சு வந்தது. சினிமா கொட்டகை வந்தது, தொப்பிக் கடை வந்தது. எவ்வளவு அழகான தெரு. எர்னஸ்டின் அதை நெருப்பில்லாமல் நினைத்துப் பார்த்து வருஷக்கணக்கில் ஆகியிருந்தது.

திரைக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவர் நெடிய, கூன் விழுந்த மனிதர். அந்த சர்ச்சின் டீக்கன். அவர்தான் படங்களையெல்லாம் தேடித்தேடிச் சேர்த்தாராம். இருட்டில் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் சின்னதாக ஒரு செருமல்.

அந்தச் செருமல் எர்னஸ்டினுக்குத் தெரியும்.

"யாரு பெர்னிஸ் அது?"

"டீக்கன் டில்மன். ரோஸ்கோ டில்மன். டெட்ராய்ட்ல முப்பது வருஷம் பஸ் ஓட்டிட்டு இங்கேயே வந்து செட்டிலாயிட்டாரு. உனக்குத் தெரிஞ்சிருக்குமே, எங்க சர்ச்தான்."

எர்னஸ்டினுக்கு அந்தக் கூடத்தில் கரிந்த மெத்தையின் நாற்றம் அடித்தது.

அறுபத்தெட்டாம் வருஷம், குருத்தோலை ஞாயிறு. மெம்ஃபிஸில் கறுப்பினத் தலைவரைச் சுட்டுக் கொன்ற செய்தி வந்து மூன்று நாள். முந்தின நாள் மாலையே பால்டிமோரின் கிழக்குத் தெருக்களில் கண்ணாடி உடையத் தொடங்கியிருந்தது. எர்னஸ்டினும் வெண்டலும் ஹெர்ஷ் என்பவரின் மரச்சாமான் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் குடியிருந்தார்கள். உருக்காலை ஷிப்ட் முடிந்து காலையில் வந்த வெண்டலின் கண்கள் சிவந்திருந்தன. வழியில் போலீஸ்காரன் ஒருவன் அவனைக் காரணமில்லாமல் சுவரோடு அறைந்து சோதனை போட்டிருக்கிறான். வெண்டல் கட்டிலுக்கடியிலிருந்து இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துத் தலைமாட்டில் வைத்தான். ரெண்டு மணி நேரம் தூங்கிவிட்டுக் கீழே இறங்கப் போவதாகவும், அந்தத் தொப்பிக்காரர்களில் ஒருவனையாவது சாய்க்காமல் திரும்பப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டுப் படுத்தான்.

அவன் சொன்னால் செய்கிறவன். எர்னஸ்டின் அவன் குறட்டைவிடும்வரை காத்திருந்தாள். கதவோடு இருந்த பூட்டு உடைந்து கிடந்ததால் வெளியே போகும்போது பூட்டுவதற்கு ஒரு பெரிய தொங்குபூட்டு வைத்திருந்தார்கள். அவள் அதை வெளியிலிருந்து பூட்டி, சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போனாள். எழுந்து கத்தட்டும், உயிரோடு இருந்தால் போதும் என்று நினைத்தாள்.

பகல் ஒரு மணிக்குத் திரும்பியபோது தெருவைக் காணோம், புகைதான் இருந்தது. ஒருவன் தோளில் முழுப் பன்றித்தொடையோடு ஓடினான். ஒரு பெண் இரண்டு கையிலும் ஒற்றை ஒற்றைச் செருப்பாக அள்ளிக்கொண்டு போனாள். மருந்துக்கடைக்காரரை நாலு பேர் நடுத்தெருவில் போட்டு உதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் தலையை மட்டும் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் உதை வாங்கினார். எர்னஸ்டின் அவர்களைச் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

ஹெர்ஷ் கடையின் கண்ணாடி ஏற்கெனவே போயிருந்தது. அதற்கெதிரே ரோஸ்கோ நின்றிருந்தான். கையில் பாட்டில், பாட்டிலின் வாயில் எரியும் துணி. தெருவிலேயே நன்றாக நடனமாடுகிறவன் அவன், வெண்டலின் கூட்டாளி. போன வருஷம் ஹெர்ஷ் அவன் தம்பியைத் திருடன் என்று பிடித்துக் கொடுத்து, ஸ்டேஷனில் விழுந்த அடியில் தம்பிக்கு ஒரு காது போயிருந்தது.

"ரோஸ்கோ! மேல வெண்டல் தூங்கறான்!"

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் கண்ணுக்கு நேரே பார்த்தான். பிறகு பாட்டில் போனது.

உள்ளே மெத்தைகளும் வார்னிஷ் டின்களும். தீ பற்றிய வேகத்தில் அவளுடைய புருவ மயிர் கருகியது. மாடிப்படி கடைக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் சந்துக்குள் நுழையப்போகும்போது மூலையிலிருந்து பட்டாளத்துக்காரர்கள் துப்பாக்கியில் கத்தி சொருகி வரிசையாக வந்து கூட்டத்தைத் தள்ளினார்கள். அவள் வரிசைக்குள் தலையைக் கொடுத்துப் புகுந்தாள். ஒருவன் கையைக் கடித்தாள். அவனுக்கும் இருபது வயதுக்கு மேல் இருக்காது, பயத்தில் முகம் வெளுத்திருந்தது. துப்பாக்கியின் கட்டையால் அவள் தாடையில் ஓங்கி அடித்தான். இரண்டு பல்லும் சாவியும் தெருவில் விழுந்தன.

கீழே கிடந்தபடியே பார்த்தாள். மூன்றாம் மாடி ஜன்னல் நாற்காலியோடு உடைந்து விழுந்தது. வெண்டல் தெரிந்தான். முதுகில் சட்டை எரிந்துகொண்டிருந்தது. ஒரு காலை வெளியே போட்டான், யாரையோ தேடுகிறவன் மாதிரி கீழே பார்த்தான், குதித்தான். பக்கத்து வீட்டுப் பளிங்குப் படியில் இடுப்பு பட விழுந்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மருந்துக்கடைக்காரரை உதைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

ஊர்ந்து போய் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அவனுக்கு நினைவிருந்தது.

"டீனி, கதவு பூட்டியிருந்துச்சு. யாரு பூட்டினது?"

"தெரியலயே" என்றாள் எர்னஸ்டின், வாய் நிறைய ரத்தத்தோடு.

ஆஸ்பத்திரி வண்டி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவன் அதற்குள் போய்விட்டான்.

சில வாரம் கழித்து விசாரிக்க வந்த அதிகாரியிடம் யாரையும் பார்க்கவில்லை என்று சொன்னாள். ரோஸ்கோவின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவனைச் சொன்னால், உன் அண்ணன் ஏன் இறங்கி ஓடவில்லை என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும். பெயரை விழுங்கிவிட்டாள்.

இப்போது திரையில் ஹெர்ஷ் கடை வந்தது. முழுக் கண்ணாடியோடு, மேலே மூன்று வரிசை ஜன்னல்களோடு.

"இந்தக் கடை அந்த ஏப்ரல்ல போச்சு" என்றார் டீக்கன் டில்மன். "ஒண்ணு சொல்லணும் மக்களே. நம்மளே நம்ம தெருவைக் கொளுத்திக்கிட்டோம்னு இன்னிக்கும் எழுதறாங்க. அது பொய். வெளியிலேருந்து வந்தவங்க பண்ண வேலை. நம்ம தெருக்காரங்க யாரும் தீ வைக்கல." செருமினார். "மேல என் சிநேகிதன் வெண்டல் கெய்தர் இருந்தான். தங்கமான ஆளு. பாவம், புகையில போயிட்டான்."

எர்னஸ்டின் எழுந்தாள். பெர்னிஸ் அவள் சால்வையைப் பிடித்தாள், அது கையோடு வந்தது. நடுவழியில் நடந்துபோய்த் திரையின் வெளிச்சத்துக்குள் நின்றாள். ஹெர்ஷ் கடையின் ஜன்னல்கள் அவள் முகத்தில் விழுந்தன.

"புகையில போகல. குதிச்சுப் போனான். நீதான் தீ வச்ச."

டீக்கன் அவளைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது. பிறகு அவர் செய்த காரியம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து, மென்மையாக, "சிஸ்டருக்கு மனசு சரியில்ல, யாராவது தண்ணி குடுங்க" என்றார்.

அவள் தடியை இரண்டு கையாலும் தூக்கி அடித்தாள். முதல் அடி புருவத்துக்கு மேல் தோலைப் பிளந்தது. இரண்டாவது அடியில் தோளெலும்பு முறிந்த சத்தம் முன்வரிசைக்குக் கேட்டது. அவர் படம் காட்டும் மெஷினைப் பிடித்துக்கொண்டு சாய, மெஷினும் அவரும் சேர்ந்து விழுந்தார்கள். விழுந்தவரையும் அவள் அடித்தாள். அவர் ஒரு கையைத் தூக்கித் தடுத்தார், விரல்களில் அடி விழுந்தது. ஆறேழு பேர் சேர்ந்து பிடித்து இழுத்துத்தான் அவளை நிறுத்த முடிந்தது. அதற்குள் ஒரு கிழவரின் மூக்கிலும் ரத்தம்.

டீக்கனின் மகள் யோலாண்டா அலறிக்கொண்டு போலீசைக் கூப்பிட போனை எடுத்தாள். ரோஸ்கோ வேண்டாம் என்று கையசைத்தார். தன்னைச் சமையல்கட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். எர்னஸ்டினையும் வரச் சொன்னார். மற்றவர்களை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தச் சொன்னார்.

முக்காலியில் உட்கார்ந்து, பாத்திரம் துடைக்கும் துணியை நெற்றியில் அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"நீ கத்தினது கேட்டுச்சு" என்றார். "கேக்காத மாதிரி இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிட்டிருந்தேன். கேட்டுச்சு. அவனுக்குக் காலு இருக்கு, இறங்கி ஓடிவருவான்னு நெனச்சேன். எறிஞ்சுட்டேன்."

எர்னஸ்டின் தொட்டியில் சாய்ந்து நின்றாள். தடியை அவளிடமிருந்து பிடுங்கியிருந்தார்கள்.

"அவன் வரல. அப்புறம் சந்தோட பின்பக்கமா புகுந்து நான் மாடிப்படி ஏறினேன். கதவுல பூட்டு தொங்குச்சு. உதைச்சேன். தோளால முட்டினேன். உள்ளேருந்து அவன் உன்னைக் கூப்பிடறான். டீனி, திற, டீனி, திறன்னு. நீதான் வெளிய நிக்கறன்னு நெனச்சுட்டான் போல. புகை ஜாஸ்தியாச்சு. நான் ஓடிட்டேன்."

எர்னஸ்டின் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பூட்டு தனக்கும் வெண்டலுக்கும் மட்டும் தெரிந்தது என்று நாற்பத்தெட்டு வருஷம் நினைத்திருந்தாள்.

"பூட்டைப் பத்தி யாருகிட்டயும் நீ சொல்லலயா?" என்றாள்.

"இல்ல."

"ஏன்?" அவர் இரக்கமாக ஏதாவது சொல்வார் என்று அவள் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"சொன்னா, நீ அங்க எதுக்குப் போனேன்னு என்னைக் கேப்பாங்களே."

அவள் அவரைப் பார்த்தாள். இரக்கமும் இல்லை, பெருந்தன்மையும் இல்லை. தன்னைப் போலவே அவனும் தன் தோலைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். வெறுப்பு குறையவில்லை. ஆனால் அவனை மட்டும் வெறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க இனி முடியாது என்று தெரிந்தது.

கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்குப் போனாள். விளக்குகளைப் போட்டிருந்தார்கள். மேசையில் வைத்திருந்த சாப்பாட்டை யாரும் தொடவில்லை. அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பாட்டிலைச் சொன்னாள். பூட்டைச் சொன்னாள். கடைசியில் வெண்டல் கேட்டதையும், தெரியலயே என்று தான் சொன்னதையும் சொன்னாள். ரோஸ்கோ மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் வந்து நின்று, எல்லாம் நிஜம் என்று மட்டும் சொன்னார். யாரோ ஜெபம் செய்யலாமா என்று தொடங்கினார்கள், தொடரவில்லை. பெர்னிஸ் தன் கைப்பையை எடுத்துக்கொண்டு எர்னஸ்டினைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனாள். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. எர்னஸ்டின் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனாள்.

ரோஸ்கோ படியில் விழுந்ததாகச் சொல்லி ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுக்கொண்டார். ஆனால் அந்த மாதமே மகளோடு போலீசுக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தார். பழைய கோப்பைத் தேடி எடுக்கவே அவர்களுக்கு நாலு மாதம் பிடித்தது. துப்பறியும் ஆட்கள் இரண்டு பேர் எர்னஸ்டினைத் தேடி வந்தார்கள். அவள் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். வழக்கு என்ன ஆகும் என்று அவர்களுக்கே தெரியவில்லை. அது தெரிவதற்குள், பிப்ரவரியில், ரோஸ்கோ தூக்கத்தில் இறந்துபோனார். எர்னஸ்டின் அடக்கத்துக்குப் போகவில்லை.

பெர்னிஸ் அந்தக் குளிர்காலம் முழுக்கப் பேசவில்லை. போனை எடுக்கவில்லை. அனுப்பிய கிறிஸ்துமஸ் கேக் திரும்பி வந்தது. மார்ச் கடைசியில் ஒரு மத்தியானம் கதவு இடிபட்டது. எர்னஸ்டின் திறந்ததும் பெர்னிஸ் அவள் கன்னத்தில் அறைந்தாள். பழைய அடிபட்ட தாடை. பொறி கலங்கிப்போயிற்று. எர்னஸ்டின் நகரவில்லை. இன்னொன்று விழுந்தது. வாங்கிக்கொண்டாள்.

மூன்றாவதற்குக் கை ஓங்கிய பெர்னிஸ், கையைக் கீழே போட்டாள். மூச்சிரைத்தது. எர்னஸ்டினைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, சமையலறை மேசைமுன் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். எர்னஸ்டின் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்குக் காலைல அவன் என்னடி சாப்பிட்டான்?" என்றாள் பெர்னிஸ்.

"ரெண்டு முட்டை. மிச்சமிருந்த சோள ரொட்டியில வெல்லப்பாகு ஊத்தித் தந்தேன். பெர்னிஸுக்குக் கொஞ்சம் எடுத்து வைன்னான்."

பெர்னிஸ் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். எர்னஸ்டின் எழுந்துபோய்க் காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள்.