இஸ்பேட் ஜாக்கி

அறுபது வயதானதும் சடகோபனுக்குக் குலச்சின்னம் வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. கேடயம், இருபுறமும் சிங்கம், நடுவில் அச்சு எந்திரம். அவருடைய குடும்பத்தில் ஒருவரும் சிங்கத்தைக் கண்ணால்கூடக் கண்டதில்லை என்பது வேறு விஷயம். பணம் பந்தியிலே என்று சும்மாவா சொன்னார்கள். நண்பர்களுக்கும் ஆளுக்கொரு சின்னம் வரையச் சொல்லி, பிறந்தநாள் விருந்தில் கொடுக்க அவற்றைச் சீட்டுக்கட்டாக அடிக்கச் சொன்னார்.

அடித்தவன் கிருபானந்தன். பென்டில் ஹில்லில் அவருடைய அச்சகத்தில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரன். அவனுடைய விசா முடியப் போகிறது. நிரந்தர விசாவுக்கு முதலாளி என்ற முறையில் சடகோபன் கொடுத்திருந்த பரிந்துரை, அந்த நாமினேஷன் போனால், அவன் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆகவே முதலாளியை உச்சியில் வைக்க நினைத்தான். வைத்தான், இஸ்பேட் ஜாக்கியில். அவன் ஊரில் ஆடும் முந்நூற்றிநாலு ஆட்டத்தில் ஜாக்கிதான் பெரிய சீட்டு, முப்பது புள்ளி. ராஜாவுக்கு வெறும் மூன்று. அந்த ராஜாவைக் கணக்காளர் பாஸ்கருக்குக் கொடுத்தான். தமிழர் எல்லாருக்கும் ஒரே ஆட்டம் என்று நினைத்துவிட்டான், பாவி. முதலாளியின் ஊர் ஆட்டத்தில் ராஜாதான் பெரிசு, ஜாக்கி அவனுடைய வேலைக்காரன்.

விருந்தன்று குவேக்கர்ஸ் ஹில் மண்டபத்தில் சீட்டுக்கட்டைப் பிரித்த பாஸ்கர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சார், நான் ராஜா, நீங்க என் வேலைக்காரன்!"

சடகோபனும் சிரித்தார். "முந்நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி பிரான்ஸ்லயும் இப்படித்தான். ஒரு பாதிரியார் பிரபுக்களோட சின்னத்தை ஜாக்கியில அடிச்சிட்டாரு. அச்சுத்தகட்டையே பறிமுதல் பண்ணிட்டாங்க. அப்புறம் ஜாக்கிய இளவரசன்னு மாத்தினதும் விட்டுட்டாங்க."

"சேர், எங்கட ஆட்டத்தில ஜாக்கிதான் பெரிசு..." கிருபானந்தன் சொன்னது சிரிப்புச் சத்தத்தில் யார் காதிலும் ஏறவில்லை. "பிழைதான் சேர். திரும்ப அடிச்சுத் தாறன்."

"அடிப்பா. மெல்போர்ன்லயும் ஒரு விருந்து இருக்கு."

பாதிரியாரை விட்டார்களே, தன்னையும் விடுவார் என்று நம்பினான். வாரம் முழுக்க வேலை நேரம் போக உட்கார்ந்து அடித்தான். இந்தமுறை முதலாளி ராஜா. கிரீடத்தில் தங்க மை.

சடகோபன் ஒவ்வொரு சீட்டாகத் தடவிப் பார்த்தார். "பிரமாதம்!"

கிருபானந்தனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "சேர், அந்த நாமினேஷன்..."

"அதையா? விருந்துக்கு மறுநாளே வாபஸ் வாங்கிட்டேனேப்பா."

"அப்ப ஏன் சேர் திரும்ப அடிக்கச் சொன்னனீங்கள்?"

"உன்னை மாதிரி நேர்த்தியா வேற யாரு அடிப்பா? நீ போறதுக்குள்ள வேலை முடியணும்ல?"

மெல்போர்னுக்குப் போகும் சீட்டுக்கட்டுப் பெட்டியை ஒட்டச் சொன்னார். ஒட்டினான்.