பருப்பளவு தோல்

“தங்கச்சிக்கு இனிப்பே குடுக்க வேண்டாமெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது, பிள்ளை?”

டொக்டர் நிரஞ்சலா அப்படிக் கேட்டு மூன்று மாதமாகிறது. மஸாஹிரா அன்று தங்கை ஆஸிகாவின் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிவந்துவிட்டாள். இனிப்பு வேண்டாம் என்று சொன்னவளே அவள்தான். கிளினிக்கில் காதில் விழுந்த ‘சீனிச் சங்கிலி’ என்ற சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்தவளும் அவள்தான். அதன்பின் நான்கு வருடமாக ஆஸிகாவின் தேநீரில் சீனி இல்லை. பெருநாளைக்கு வட்டிலப்பம்கூட இல்லை.

தின்னும் சீனிக்கும் அந்தச் சங்கிலிக்கும் சம்பந்தமே இல்லை என்றார் டொக்டர். உடம்பு தானே கோர்க்கும் சங்கிலி அது. பழசாகிப்போன புரதத்திலிருந்து கழன்று உயிரணுவுக்குள் மிதக்கும். அங்கே ஒரு சின்னப் பை வாசல் திறந்து அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். பைக்குள் பல கத்தரிக்கோல்கள். ஒவ்வொன்றும் ஒரு வகைக் கண்ணியை மட்டுமே வெட்டும். ஆஸிகாவிடம் ஒன்று இல்லை. எது இல்லை என்று பார்க்கத் தோலில் துண்டு எடுக்க வேண்டும் என்றபோது வாப்பா மறுத்துவிட்டார். வெட்டுப்படாத சங்கிலிகள் சேர்ந்து சேர்ந்து ஈரல் வீங்கியது, நாக்குத் தடித்தது, காது அடைத்தது. இன்று சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மூச்சும் நின்றது. ஒன்பது வயது.

அம்பிட்டிய வீட்டின் பின்னறையில், பலகையில் கிடந்த தங்கையின் வலது தோளில் மஸாஹிரா வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினாள்.

“பைய ஊத்து புள்ள. வாளியோட சண்டையா புடிக்கிறாய்? மையித்துக்கு நோகும்” என்றார் உடலைக் குளிப்பாட்ட வந்திருந்த சித்தி றலியா.

மஸாஹிரா வாளியை மெதுவாகச் சாய்த்தாள். செய்தி கேட்டு வந்து குசினியில் காத்திருந்த டொக்டர் சற்றுமுன் சொன்னது வேறு. “தோல் இன்னும் சாகேல்லை. ஆள் போனது அதுக்குத் தெரியாது. பருப்பளவு வெட்டி எடுத்தாக் காணும், பிள்ளை. அம்மான்ர வயித்தில இருக்கிற பிள்ளைக்கும் இதே வருத்தமோ எண்டு பாக்கலாம். பிறந்த உடனே தெரிஞ்சால் ஏதும் செய்யலாம். அடக்கினாப் பிறகு ஏலாது.”

தோளைத் தேய்த்தாள். சில்லென்றிருந்தது. அந்தக் குளிருக்கு அடியில் வாசல்கள் இன்னும் திறந்துகொண்டிருந்தன. சங்கிலிகள் ஒவ்வொன்றாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. வெட்ட யாரும் இல்லை. கையை இழுத்துக்கொண்டாள். பிறகு மறுபடி அங்கேயே வைத்தாள்.

“உம்மா, டொக்டர் கேக்கிறாங்க” என்று தொடங்கி, தரையைப் பார்த்தபடியே டொக்டர் சொன்னதையெல்லாம் தாயிடம் சொன்னாள்.

“அடக்கப் போற புள்ளய வெட்டுறதா?” றலியா துணியை இழுத்து மூடினார். “முப்பது வருஷமா குளிப்பாட்றேன். ஒரு நகம் வெட்டினதில்ல. வாப்பா பள்ளிவாசல்ல ஈக்கிறார், அவர்ட்ட கேளு.”

உம்மா ரபீகா கதிரையில் வயிற்றைப் பிடித்தபடி இருந்தார். மூன்றாம் மாதம்.

“இனிப்பு வேணாம்னு நான் சென்னது பிழை உம்மா. சீனிக்கும் அவட நோவுக்கும் ஒண்டுமில்லயாம். எனக்குத் தெரிஞ்சி மூணு மாசம். பயத்துல செல்லல்ல.”

பலகையிலிருந்து தண்ணீர் சொட்டியது. உம்மா அவளைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தபடி பேசினார்.

“ஒரு நாள் சீனிப் போத்தல நக்கிட்டு ஈந்தா. நான் கையில அடிச்சேன்.”

உம்மா கதிரைக் கையை ஊன்றினார். பிறகு எழுந்து பலகையருகே வந்தார். துணியை விலக்கி, ஆஸிகாவின் கையை மெல்ல வெளியே எடுத்தார்.

“எந்த இடத்துல வேணுமாம்?”

டொக்டர் உள்ளே வந்து, வளையம்போன்ற சின்னக் கத்தியை மேற்கையில் அழுத்தித் திருகினார். இரத்தம் வரவில்லை. வட்டமாக ஒரு குழி. றலியா முணுமுணுத்தபடி அதன்மேல் பஞ்சை வைத்து, ஒன்றும் கசியாத இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

டொக்டர் கொண்டுவந்த சின்னப் போத்தலின் இளஞ்சிவப்பு நீரில் அந்தத் துண்டு மெல்லச் சுழன்று அடியில் போய்த் தங்கியது. டொக்டர் போத்தலை மூடினார். அதை இரு கையாலும் பிடித்தபடி முன்வாசலால் இறங்கினார்.

ஜன்னல் வழியே மஸாஹிரா பார்த்தாள். மையித்தைச் சுமந்துபோகும் சந்தூக் இன்னும் வந்திருக்கவில்லை. படிகளில் நின்ற ஆண்கள் பேச்சை நிறுத்தி, தொப்பியைச் சரிசெய்தபடி, இருபக்கமும் ஒதுங்கி அந்தப் போத்தலுக்கு வழிவிட்டார்கள்.