கார்ஸா என்றால் கொக்கு

எங்கள் தெரு ஒரு முட்டுச்சந்து. டெக்ஸாஸில் அதையே ‘கல்டிசாக்’ என்று அழகாகச் சொல்லி வீட்டு விலையைக் கொஞ்சம் ஏற்றி விடுவார்கள். உள்ளே வந்த கார் வட்டமடித்து வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். இரண்டாயிரத்தொன்பதாம் வருஷக் கோடையில் அந்த வட்டத்தைப் பக்கத்து வீட்டு மணியனின் மகள் கயல் தினமும் சாயங்காலம் நடந்தே தேய்த்துக்கொண்டிருந்தாள். என் சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம் பார்த்து இருப்பது என் குற்றமில்லை. பில்டர் அப்படிக் கட்டிவிட்டான்.

கயலுக்கு இருபத்தைந்து வயது. ஆஸ்டினில் வேலை, தனி அபார்ட்மென்ட், சிவப்புக் கார் என்று இருந்த பெண். அந்த வருஷம் ஊரெல்லாம் வேலை போனபோது அவளுக்கும் போனது. பின்னாலேயே அபார்ட்மென்ட்டும் காரும் போயின. பள்ளிக்கூட நாளில் வாங்கிக் கொடுத்த ஊதாக் கட்டிலுக்கே திரும்பி வந்துவிட்டாள். எங்கள் ஊரான காப்பெலில் பஸ் கிடையாது. கார் சாவி இல்லாதவர், வீட்டு சோபா மாதிரி. யாராவது தூக்கிக்கொண்டு போனால்தான் வெளியே போகலாம். மணியன் வீட்டில் கார் இரண்டு, சாவி இரண்டும் அவர் சட்டைப் பையில். அடைத்து வைத்தார் என்று வாய் தவறிக்கூடச் சொல்ல முடியாது. “எங்க போகோணும் சொல்லு கண்ணு, அப்பா கூட்டிட்டுப் போறேன்” என்பார். இதைவிட மரியாதையாக ஒருவரை எப்படி அடைப்பது?

அவளுக்குப் போக வேண்டியிருந்தது ஒரே இடம். அங்கே அப்பாவோடு போக முடியாது. பக்கத்து ஊரான இர்விங்கில் டேனியல் கார்ஸா இருந்தான். அவளோடு ஆஸ்டினில் படித்தவன், டோல் ரோடு போடும் கம்பெனியில் எஞ்சினியர், மெக்ஸிகோ வழி வந்த குடும்பம். அவனைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்பது எனக்கு மார்ச்சிலேயே தெரியும். அவன் கார் எங்கள் தெரு முனையில் விளக்கை அணைத்துக்கொண்டு நின்றால் நான் வேறென்ன நினைப்பது? அப்பா ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொன்னாலொழியக் கல்யாணம் இல்லை என்று அவள் பிடிவாதமாக இருந்ததுதான் எனக்குப் புரியவில்லை. இந்த ஊரில் பிறந்த பெண்ணுக்கு இது எதற்கு?

ஜூலை நான்காம் தேதி எங்கள் கொல்லைப்புறத்தில் சோளம் சுட்டுக்கொண்டிருந்தபோது அவள் அப்பாவிடம் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள். என் வீட்டுக்காரர் சந்தானம் இடுக்கியோடு அப்படியே நின்றார். மணியனுக்கு ‘முடியாது’ என்று சொல்லி வழக்கமில்லை. யோசிப்பதுபோல் தாடையைத் தடவிவிட்டு, “அந்தத் தம்பி என்ன கூட்டம்னு கேளு அம்மிணி. வேற கூட்டமா இருந்தா எனக்கொண்ணும் ஆட்சேபணையில்ல. சந்தானம் சாரே சாட்சி” என்றார்.

மணியனுக்குச் சத்தியமங்கலம் பக்கம். அவர்கள் சாதியில் ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு கூட்டத்தில் சேர்த்தி. ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள், முன்பின் பார்த்திராதவர்களாக இருந்தாலும், அண்ணன் தங்கை முறை, கட்டிக்கொள்ளக் கூடாது. மணியன் ஆந்தைக் கூட்டம். அவர் மனைவி வசந்தாமணி காடைக் கூட்டம். மெக்ஸிகோக்காரன் கூட்டத்துக்கு எங்கே போவான், இந்தக் கேள்வியிலேயே பெண் களைத்துப்போவாள் என்பது மணியனின் கணக்கு. சாட்சி வைத்துச் சொன்னதுதான் வம்பாகிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வசந்தாமணியின் எவர்சில்வர் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். டப்பாவைக் காலியாகக் கொடுக்கக் கூடாதென்று ரவா லட்டு பிடித்து வைத்திருந்ததால் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேச வேண்டியதாயிற்று. கயல் லேப்டாப்போடு வந்து அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“அப்பா, கார்ஸான்னா கொக்கு.”

“என்னது?”

“கொக்கு. ஹெரன். ஸ்பானிஷ்ல. அவங்க தாத்தாவுக்குத் தாத்தா யாராவது நீளக் கால் வெச்சிருந்திருக்கலாம். இல்லேன்னா கொக்கு நிறைய வர்ற ஊர்ல இருந்திருக்கலாம். நோபடி நோஸ் ஃபார் ஷ்யூர்.”

“அந்தப் பையன் கால் ஒண்ணும் நீளமில்லியே” என்றேன் நான். பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. வசந்தாமணி என்னை முறைத்தாள்.

கயல் விடவில்லை. பெயர் ஸ்பெயினில் பிறந்ததாம். ஆனால் இப்போது அங்கே தேடினால் கொஞ்சம் பேர்தான் அகப்படுவார்களாம். நானூறு வருஷத்துக்கு முன்னால் கப்பலேறி வந்த சிலர் மெக்ஸிகோவின் வடக்கே மான்டெரே பக்கம் குடியேறி, ஆடு மாடு ஓட்டிக்கொண்டு ரியோ கிராண்டே ஆற்றங்கரைக்கு வந்து, அப்படியே பெருகிவிட்டார்களாம். இன்றைக்கு அந்த எல்லையின் இரண்டு பக்கத்திலும் தடுக்கி விழுந்தால் ஒரு கார்ஸா மேல்தான் விழ வேண்டுமாம். டெக்ஸாஸில் ஒரு கவுன்ட்டிக்கே, அதாவது ஒரு மாவட்டத்துக்கே, அந்தப் பெயர் இருக்கிறதாம்.

“ஸோ, அவங்க கொக்குக் கூட்டம். நாம ஆந்தை. வேற வேற. யூ ப்ராமிஸ்ட், அப்பா.”

மணியன் லட்டை எடுத்தார், வைத்தார். அவர் போட்ட பூட்டுக்கு அவரிடமே சாவி இல்லை. “குடும்பத்தைப் பாக்காம எப்படிங்கண்ணு?” என்று மட்டும் சொன்னார். அதையும் கயல் ‘சரி’ கணக்கில் எழுதிக்கொண்டாள்.

இப்படியாகத்தான் ஆகஸ்ட் வெயிலில் இர்விங்குக்குப் போனோம். ‘போனோம்’ என்பது ஏனென்றால், நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது. கயலின் தம்பி இனியன் கலிபோர்னியாவில் படித்துக்கொண்டிருந்தான். ஆகவே வசந்தாமணி என்னிடம் வந்து, “அக்கா, நீங்க ஒருத்தரு வந்தா நாலு பேராயிரும்” என்றாள். எனக்கு ஆயிரம் வேலை. இருந்தாலும் ஒருவர் சகுனத்துக்கு நாம் குறுக்கே நிற்கலாமா?

டேனியலின் அப்பா ரொகேலியோ டயர் கடை வைத்திருப்பவர். வாட்டசாட்டமான ஆள், கையைக் குலுக்கினால் தோள்வரை ஆடும். அம்மா மார்த்தா பல் டாக்டரிடம் வேலை பார்ப்பவள். நம் பல்லைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவாள். சோளத்தோலில் சுற்றி வேகவைத்த தமாலே பரிமாறினாள். வசந்தாமணி தோலோடு கடித்துவிட்டு, “கொழுக்கட்டையாட்டமே இருக்குதுங்க்கா, மேல மட்டும் கொஞ்சம் கட்டி” என்று என் காதில் சொன்னாள்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது மார்த்தா சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாள். அவளும் பிறந்த வீட்டில் கார்ஸாதானாம். கல்யாணமாகியும் பெயர் மாறவில்லையாம். டவலில் தைத்த பெயரெழுத்தைக்கூடப் பிரிக்க வேண்டி வரவில்லையாம்.

மணியனின் முகத்தில் விடுதலை வந்ததை நான் பார்த்தேன். வசந்தாமணி பக்கம் சாய்ந்து தமிழில் சொன்னார். “கேட்டியா? ஒரே கூட்டத்துல கட்டியிருக்காங்க! அண்ணன் தங்கச்சி!”

“அப்பா, ஷ்ஷ்.”

“என்ன ஷ்ஷ்? நம்மூர்ல இவங்க வூட்டுல தண்ணி குடிப்பாங்களா?”

ரொகேலியோவுக்குத் தமிழ் தெரியாது, தொனி தெரியும். என்னவென்று கேட்டார். கயல் உதட்டைக் கடித்துக்கொண்டு விளக்கினாள். அவர் மேஜை குலுங்கச் சிரித்தார். அவர் ஊரில் பள்ளிக்கூட வகுப்பில் பாதிப் பேர் கார்ஸாவாம். கார்ஸா கார்ஸாவைக் கட்டாவிட்டால் ஊரில் பாதிப் பேர் சாமியாராகத்தான் போயிருக்க வேண்டுமாம். சிரித்து முடித்து, “சரி, உங்கள் கூட்டம் என்ன பறவை?” என்று கேட்டார்.

மணியன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்வியை இந்த நாட்டில் அவரிடம் யாரும் கேட்டதில்லை. “அவுல்” என்றார் கம்பீரமாக. “வீ ஆர் தி அவுல் பீப்பிள்.”

மார்த்தாவின் கையில் இருந்த கரண்டி நின்றது. “லெச்சூஸா” என்று மெல்லச் சொல்லி நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அவர்கள் ஆற்றங்கரைப் பக்கத்தில் ஆந்தை என்பது பறவையில்லையாம், இறக்கை கட்டிக்கொண்ட சூனியக்காரியாம். வீட்டுப் பக்கம் வந்து உட்கார்ந்தால் யாரையாவது கொண்டுபோய்விடுமாம். டேனியல் “அம்மா, இது வெறும் கதை” என்றான். மார்த்தா மிகவும் பணிவாக, கயல் தங்கமான பெண் என்றும், ஆனால் ஆந்தை வீட்டிலிருந்து தன் வீட்டுக்குப் பெண் வருவதைத் தன் மனசு ஏற்காது என்றும் சொல்லி எங்களுக்கு இன்னும் இரண்டு தமாலே வைத்தாள்.

திரும்பும்போது ஃப்ரீவேயில் நெரிசல். கார் நகரவில்லை. மணியன் திடீரென்று ஸ்டியரிங்கைத் தட்டினார். “எம்புள்ளய வேண்டாங்கறதுக்கு அவங்க யாரு?”

“நீங்கதானுங்களே வேண்டாம்னீங்க” என்றாள் வசந்தாமணி.

“நாஞ் சொல்லலாம். அவங்க சொல்லலாமா? ஆந்தைன்னா அவ்வளவு எளக்காரமா?”

பின்சீட்டில் என் பக்கத்தில் கயல் கண்ணாடியில் தலையைச் சாய்த்திருந்தாள். அவள் பக்கத்துக் கதவுக்குப் பிள்ளைகளுக்கான பூட்டு, உள்ளேயிருந்து திறக்காது. சின்ன வயசில் போட்டதை மணியன் இன்னும் எடுக்கவில்லை. கைப்பிடியை ஒரு முறை இழுத்துப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு மணியன் மாறிவிட்டார். தினமும் டேனியலுக்குப் போன் செய்தார். ஆந்தை எலியைப் பிடித்து விவசாயியைக் காப்பாற்றுவது பற்றி ரொகேலியோவின் டயர் கடைக்கே போய் விளக்கிவிட்டு, தேவையில்லாமல் நாலு புது டயரோடு திரும்பி வந்தார். வேண்டாம் என்று நின்றவர், இப்போது வேண்டும் என்று நின்று, இரண்டிலும் மூச்சு வாங்கினார். மார்த்தா அசையவில்லை. கயல் வட்டமடித்துக்கொண்டே இருந்தாள். செப்டம்பரில் அவள் நடை வேகம் குறைந்துவிட்டது.

ஒரு சாயங்காலம் கறிவேப்பிலை கேட்கப் போனேன். கயல் அடுப்பு மேடையில் சாய்ந்து நின்று அப்பாவைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்பா, கல்யாணமானா பொண்ணு எந்தக் கூட்டம்?”

மணியன் எதிரே இருந்த டம்ளரை நகர்த்தி வைத்தார்.

“நீங்கதான் சொல்லியிருக்கீங்க. தாலி கட்டினா புருஷன் கூட்டம், புருஷன் குலதெய்வம். ரைட்? அப்ப அன்னிக்கு நான் ஆந்தை இல்ல. கார்ஸா. அவங்க வீட்டுக்குப் போறது ஆந்தையே இல்ல. இத நீங்க அவங்ககிட்ட சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க.”

மணியன் மகளைப் பார்த்தார். இத்தனை நாள் அவர் தேடிய சாவி அவர் பையிலேயேதான் இருந்தது. ஆனால் அதைத் திருப்பினால் திறப்பது அவர் வீட்டுக் கதவு. “அதெப்படி கண்ணு... எம்புள்ள இல்லீன்னு நானே போய்...” என்று ஆரம்பித்துவிட்டு எழுந்து கராஜுக்குப் போனார். கறிவேப்பிலையை யாரும் கொடுக்கவில்லை, நானே கிள்ளிக்கொண்டேன்.

அக்டோபரில் டேனியல் எப்படியோ கெஞ்சி அம்மாவையும் அப்பாவையும் காப்பெலுக்கு அழைத்து வந்தான். வசந்தாமணி கூப்பிடாமலேயே நான் பஜ்ஜி போட உதவிக்குப் போனேன். ஹாலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மார்த்தா வாசல் பக்கம் இருந்த நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எப்போதும் கிளம்பத் தயாராக இருந்தாள்.

மணியன் நின்றுகொண்டு பேசினார். எழுதி மனப்பாடம் செய்ததுபோல் இங்கிலீஷில் பேசினார். தங்கள் வழக்கப்படி பெண் தாலி கட்டிக்கொண்ட நிமிஷத்திலிருந்து கணவன் கூட்டமாம். பிறந்த கூட்டத்தின் சாமி அவளுக்குச் சாமியில்லையாம். “ஃப்ரம் தட் டே, ஷி இஸ் நாட் அவுல்” என்றவர் அங்கே நின்றுவிட்டார். தண்ணீர் குடித்தார். “ஷி இஸ் யுவர்ஸ். நாட் மைன்.”

மார்த்தாவின் தோள் இறங்கியது. கைப்பையைக் கீழே வைத்தாள். உண்மைதானா என்று வசந்தாமணியைப் பார்த்துக் கேட்டாள். ஒரு பெண் சொன்னால்தான் அவளுக்கு நிம்மதி போலிருக்கிறது.

வசந்தாமணி பஜ்ஜித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். கேள்வியைக் கயல்தான் தமிழில் சொன்னாள்.

“நெசந்தான்னு சொல்லு. நானும் காடையாத்தான் பொறந்தேன். இத்தன வருஷமா ஆந்தை. என்னை யாரு கேட்டா?” என்றாள் வசந்தாமணி. தட்டை மேஜையில் வைத்தாள். “பேரு வேற கயல்னு வெச்சிருக்கோம். மீனைக் கொண்டுபோய்க் கொக்கு வூட்டுல...” என்று இழுத்துவிட்டு, சட்டினி எடுக்க உள்ளே போய்விட்டாள்.

கயல் அதை முழுதாக மொழிபெயர்க்கவில்லை. “ஷி சேஸ் இட்ஸ் ட்ரூ” என்றாள்.

மார்த்தா எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். “மிசஸ் கார்ஸா” என்று கூப்பிட்டுப் பார்த்தாள், ருசி பார்ப்பதுபோல். ரொகேலியோ கை தட்டினார். டேனியல் அழுதுவிட்டான். அந்த அணைப்புக்குள் கயலின் கை இரண்டும் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்ததை நான் ஒருத்திதான் பார்த்தேன். மெதுவாகத்தான் மேலே வந்து மார்த்தாவின் முதுகில் பட்டன. மணியன் ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே வெறும் தெருவை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனபிறகு நான் குப்பைத் தொட்டியை வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்தேன். கயல் பட்டுப்புடவையோடு வட்டத்தில் நடந்துகொண்டிருந்தாள், காலில் ஓடுகிற ஷூ.

“என்ன கயல், சந்தோஷந்தானே? நினைச்சத சாதிச்சுட்டே!”

“யெஸ் ஆண்ட்டி. வெரி ஹேப்பி.”

மணியன் கராஜ் கதவு வரை வந்து, ஒரு கார் சாவியை அவளை நோக்கி நீட்டினார். “எங்கியாச்சும் போகோணும்னா எடுத்துட்டுப் போ” என்றார். அம்மிணி என்றோ கண்ணு என்றோ கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாதவர்போல் நின்றார்.

கயல் வாங்கிக்கொண்டாள். காரில் ஏறி, எங்கள் வாசலிலிருந்து தெரிகிற மெயின் ரோடு சிக்னல் வரை போனாள். சிவப்பு விளக்கு பச்சையாகியும் கார் நகரவில்லை, பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். கார் வட்டமடித்துத் திரும்பி வந்து கராஜுக்குள் நின்றது. கதவு இறங்கியது.