அனுப்பியாச்சு என்றார் முதலாளி

சூலூருக்குப் பக்கத்தில் திருமலைசாமியின் தறிக்குடோனில் அந்தச் சனிக்கிழமை காலை பதினாறு தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. நூல் சுற்றும் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சின்னத்தாயி, அறுந்த நூலை முடிந்துவிட்டு மறுபடியும் போனை எடுத்துப் பார்த்தாள். காலையிலிருந்து இருபது தடவையாவது பார்த்திருப்பாள். பணம் வரவில்லை.

அது கடனாகக் கேட்ட பணம் இல்லை. கையில் வாங்கினால் செலவாகிவிடும் என்று, வாராவாரம் கூலியில் இருநூற்றைம்பது ரூபாயை முதலாளியிடமே விட்டுவைப்பது அந்தக் குடோன் ஆட்களின் வழக்கம். ஐம்பது வாரத்தில் அவளுக்குப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு சேர்ந்திருந்தது. மகள் மதிவதனிக்குக் கோவையில் ஒரு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் முதல் தவணையைக் கட்டாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

வியாழக்கிழமை கேட்டபோது முதலாளி தலையாட்டினார். வெள்ளிக்கிழமை கேட்டபோது, "அனுப்பிச்சுபோட்டேன் சின்னத்தாயி. பேங்க்லதான் நிக்குது. ரெண்டு நாள்ல தானா வந்துரும்" என்றார்.

திருமலைசாமியைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. தீபாவளிக்கு எல்லோருக்கும் சேலை எடுத்துத் தருவார். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். ஆனால் 'இப்போது முடியாது' என்று சொல்ல மட்டும் அவருக்கு வாய் வராது. பதினாறு தறி வைத்திருப்பவர் அப்படிச் சொன்னால் கௌரவம் என்னாவது? தறி லோன் தவணைக்காகக் கணக்கில் கொஞ்சம் பணம் வைத்திருந்தார். திங்கட்கிழமை துணி வியாபாரி பணம் தந்ததும் சின்னத்தாயிக்கு அனுப்பிவிடலாம் என்பது அவர் நினைப்பு. அதுவரை பழியை பேங்கின் தலையில் போட்டால் தீர்ந்தது. பேங்க் வந்து இல்லை என்று மறுக்கவா போகிறது?

ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு அனுப்பும் பணம் அப்போதே வந்துவிடுமே என்று மதிவதனி முதல் நாளே சொன்னாள். சோறு போடுகிறவர் பொய் சொல்வாரா என்று சின்னத்தாயி அவளைத்தான் திட்டினாள்.

மதியம் லீவு சொல்லிவிட்டு அவள் சூலூரில் தன் கணக்கு இருக்கும் பேங்குக்குப் போனாள். எங்கள் பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உங்களுக்கு என்ன லாபம் என்று கவுண்டரில் இருந்த கீதாவிடம் சத்தம் போட்டாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கீதா கோபப்படவில்லை. கணக்கைத் திறந்து பார்த்து, எந்தப் பணமும் வரவில்லை என்றாள். போன் வழியாக அனுப்புவது சாதாரணமாக நொடியில் வந்துவிடும். எப்போதாவது நடுவில் சிக்கினாலும், அனுப்பியவர் போனில் அதற்கு ஒரு நம்பர் இருக்கும். அந்த நம்பரைக் கேளுங்கள் என்றாள்.

சின்னத்தாயி அங்கிருந்தே முதலாளியைக் கூப்பிட்டாள். "நம்பரா? அதெல்லாம் எனக்கென்ன தெரியும். சர்வர் வேலை செய்யலையாமா" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

"அவரு அனுப்பியிருந்தா நம்பர் இருக்குமுங்கம்மா" என்றாள் கீதா மெதுவாக. சின்னத்தாயிக்கு முகம் சுண்டிப்போனது. பணம் வராததைவிட, தப்பே செய்யாத பெண்ணை நாலு பேர் நடுவில் திட்டியது அவளுக்கு அதிகமாக வலித்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு பஸ் பிடித்துக் குடோனுக்கு வந்தாள். முதலாளி வெளியே போயிருந்தார். வாசல் கேட்டின் ஓரத்தில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

ஐந்து மணி தாண்டியதும் மதிவதனி போன் செய்தாள். கல்லூரியில் பணம் கட்டும் நேரம் முடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னாள். அழுகிற சத்தம் கேட்டது.

ஐந்தரைக்குக் கார் வந்தது. இறங்கிய முதலாளியிடம் சின்னத்தாயி சண்டை போடவில்லை, காலேஜ் சீட்டு போனதை மட்டும் சொன்னாள். கடைசி நாள் இன்றைக்கு என்று அவளும் சொல்லியிருந்தாள்தான். காலேஜ்காரர்கள் இரண்டு நாள் பொறுக்க மாட்டார்களா என்று அவர் நினைத்திருந்தார். நின்ற இடத்திலேயே அவசர அவசரமாகப் போனை எடுத்து அழுத்தினார். அவர் கையைக் கீழே இறக்கும் முன்பே சின்னத்தாயியின் போன் சத்தம் கொடுத்தது. பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் வந்திருந்தது.

திருமலைசாமியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "தப்பு என்னோடதுதான். திங்கக்கெழமை நானே காலேஜுக்கு வந்து பேசறேன் சின்னத்தாயி" என்றார்.

"பேசிப் பாருங்க. கெடைச்சா புள்ளை பாக்கியமுங்க" என்றாள் அவள். "ஆனா ஒண்ணுங்க மொதலாளி. நேத்தே இப்ப முடியாதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா, இந்தத் தோட்டை அடகு வெச்சாவது கட்டிப்போட்டிருப்பேன். காசு லேட்டானதுல எம் புள்ளை சீட்டு போகலீங்க. அனுப்பிச்சாச்சுன்னு நீங்க சொன்னதை நம்பி உக்காந்திருந்தேன் பாருங்க, அதுலதான் போச்சு. இனி யாரு கேட்டாலும் இல்லாட்டி இல்லீன்னு சொல்லிப்போடுங்க. நாங்க வேற வழி பாத்துக்குவோம்."