சாக்குக் குல்லா

எழுத்துப் படித்தால் கண் திறக்கும் என்று யாராவது பேச ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். எனக்கும்தான் திறந்தது. அண்ணனைப் புதைக்கும்போதும் திறந்தேதான் இருந்தது.

மூட்டை தூக்குவது என் முதல் வேலை. அண்ணன் சேர்த்துவிட்ட கிடங்கு. அங்கே வந்து இறங்கும் தூளுக்கு நாங்கள் வைத்த பெயர் வெள்ளை. ஏதோ தொழிற்சாலைக்குப் போகிறது, அவ்வளவுதான் தெரியும். காலிச் சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் குத்தித் திணித்தால் குல்லா ஆகிவிடும். தலையில் மாட்டி, மிச்சத்தை முதுகில் தொங்கவிட்டு, அதன்மேல் மூட்டை ஏற்றுவோம். தூள் உடம்பில் படக்கூடாதாம். அதற்குத் தூள் வந்த சாக்கே காவல்.

வேலை முடிந்ததும் மாலை வகுப்பு. தையல் கடைக்கு மேலே ஓர் அறை, சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு. மூட்டை பிடிக்கிற பிடியில் பிடித்தால் சாக்பீஸ் என்ன ஆகும்? நொறுங்கும். அண்ணன் மாடிப்படியில் காத்திருப்பார். அவர் இருமல் உள்ளே வரை வரும்.

"வக்கீல் ஐயாவுக்கு வகுப்பு முடிஞ்சுதா?"

"நீங்களும் வந்து உக்காரலாம்ல, அண்ணே."

"நான் உக்காந்தா அந்த பெஞ்சுக்கு யாருடா வைத்தியம் பாக்கறது?"

மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பும்போது எனக்கு முன்னால் அண்ணன் நடப்பார். அவர் முதுகில் தொங்கும் சாக்கில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அதுதான் என் வீட்டுப்பாடம். 'எடை' முதலில் வந்தது. அப்புறம் 'ஈரம் படாமல் வை'. அடியிலிருந்த சிவப்பு வரி மட்டும் வெகுநாள் பிடி கொடுக்கவில்லை. ஒரு மத்தியானம் அதுவும் வந்துவிட்டது.

மூச்சில் ஏறினால் நுரையீரல் கெடும். காலிச் சாக்கை எதற்கும் பயன்படுத்தாதே.

அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவன் இடித்துக்கொண்டு என் பரம்பரையையே திட்டினான்.

மேஸ்திரியிடம் ஓடினேன். "அண்ணனையாவது வாசல் வேலைக்கு மாத்துங்க. சாக்குல என்ன போட்டிருக்குன்னு பாத்தீங்களா?"

அவர் பல் குத்திக்கொண்டிருந்தார். "அதுவா? நான் சேந்த நாள்லேர்ந்து அதுலதான் இருக்கு. படிச்சவன் நானே சும்மா இருக்கேன், நேத்து படிச்ச உனக்கென்ன குதிப்பு? அண்ணனுக்கு முடியலேன்னா வீட்ல படுக்கச் சொல்லு. வேலை கேட்டு வாசல்ல ஆள் நிக்குது."

அண்ணனிடம் சொன்னேன். மேஸ்திரி சொன்னதையும் சொன்னேன். இருமி முடித்துவிட்டுக் குல்லாவைக் கழற்றினார். அப்பாடா என்றிருந்தது.

"எதுடா அது?"

விரல் வைத்துக் காட்டினேன். தெரியாத ஆளின் போட்டோவைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அண்ணிகிட்ட சொல்லிடாத," என்றார்.

பிறகு சாக்கை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினார். உள்ளே ஒட்டியிருந்த வெள்ளை குப்பென்று பறந்தது. எழுத்துப் பக்கம் தலைமயிரோடு ஒட்ட, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இப்ப சரியா, வக்கீலே? நட, லாரி நிக்குது."

நடந்தேன். அவர் முதுகில் படிக்க ஒன்றும் இல்லை.

அன்று மாலையும் வகுப்புக்குப் போனேன். எழுந்து நின்று ஒரு பக்கம் முழுக்கத் தடங்கலில்லாமல் வாசித்தேன். வாத்தியார் கை தட்டச் சொன்னார். எல்லோரும் தட்டி ஓய்ந்த பிறகும் படியில் இருமல் ஓயவில்லை.