இரண்டு காலிலும் அதே இடைவெளி

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் ஷீலா, மகள் ஜெயஸ்ரீயைத் தூக்கிக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழைந்தபோது அவள் கையில் மீன் செதில்கள் இன்னும் ஒட்டியிருந்தன. பள்ளியில் கபடி ஆடும்போது ஜெயஸ்ரீயின் வலது கால் மடங்கிவிட்டது. கணுக்கால் வீங்கிப் பளபளத்தது. தரையில் ஊன்றினாலே அலறினாள்.

டாக்டர் உமர் ஃபாரூக் வீக்கத்தைச் சுற்றி மெல்ல அழுத்திப் பார்த்தார். "எக்ஸ்ரே ரூம்ல கூட்டமா இருக்கு. அதுக்குள்ள இங்கயே ஸ்கேன் பாத்துடறேன்" என்று, சக்கரம் வைத்த சின்ன இயந்திரத்தைக் கட்டிலருகே இழுத்து வந்தார்.

"ஸ்கேனா? இன்னா டாக்டர், அது புள்ளத்தாச்சிங்களுக்கு வயித்துல பாக்கறதாச்சே?"

"காலுக்கும் பாக்கலாம்மா. வலிக்காது."

டாக்டர் வீங்கிய கணுக்காலில் பசை தடவி, இயந்திரத்தின் கருவியை அதன்மேல் வைத்தார். ஜெயஸ்ரீக்குப் பிறகு உண்டான பிள்ளையைப் பார்க்கவும் ஷீலாவின் வயிற்றில் இப்படித்தான் பசை தடவினார்கள். அந்த டாக்டரம்மா திரையைப் பார்த்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம்தான் துடிப்பு இல்லை என்றார்.

இவரும் பேசவில்லை. திரையில் ஒரு வெள்ளைக் கோடு ஓடி, ஓரிடத்தில் விட்டுப்போய், மறுபடி தொடர்ந்தது.

"உடைஞ்சிகீதா, சார்?"

"இருங்கம்மா" என்றவர், இடது காலில் பசை தடவத் தொடங்கினார்.

"ஐயோ, அது நல்ல காலு! அடிபட்டது இந்தாண்ட!" ஷீலா அவர் கையையே பிடித்துவிட்டாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தெரியும்மா. ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கணும்."

இடது காலிலும் அதே கோடு, அதே இடத்தில் அதே இடைவெளி.

"அப்ப ரெண்டு காலும் உடைஞ்சிபோச்சா? இந்தக் கால்லதானே நொண்டிக்கினு ஆட்டோ வரைக்கும் வந்தா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "உடையலம்மா. வளர்ற பசங்களுக்கு எலும்பு நுனிகிட்ட ஒரு குருத்தெலும்பு இருக்கும். அங்கதான் கால் நீளமாகுது. ஸ்கேன்ல அது இடைவெளி மாதிரி தெரியும். அடிபட்ட கால்லயும் அது சரியாத்தான் இருக்கு. பக்கத்துல எலும்புகளச் சேர்க்கிற நார் இழுபட்டு வீங்கியிருக்கு, அவ்வளவுதான்."

"உடையலன்னா ஏன் நிக்க முடில?"

"நார் இழுத்தாலும் அவ்வளவு வலி இருக்கும்மா."

பிறகு எடுத்த எக்ஸ்ரேயிலும் முறிவு இல்லை. கால் அசையாமல் இருக்கக் கட்டுப் போட்டு, அடுத்த வாரம் வரச் சொன்னார். கிளம்பும்போது ஷீலா தயங்கி நின்றாள்.

"அந்த வளர்ற எடத்த இன்னொரு தபா காட்றீங்களா?"

நல்ல காலில் வைத்துக் காட்டினார். ஷீலா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் கோத்தது.

"இன்னாத்துக்கும்மா அழுவுற? உடையலன்னுதானே சொல்றாரு?" என்றாள் ஜெயஸ்ரீ.

"தெர்லடி."

வெளியே வந்ததும் கணவன் பிரபு போன் செய்தான். "உடைஞ்சிச்சா, இல்லியா?"

"உடையல. ஆனா ரெண்டு கால்லயும் கேப்பு கீது. அது நல்லதாம்."

"இன்னாது? ரெண்டு கால்லயுமா? யாரு சொன்னா?"

அவன் போட்ட கத்தலில் ஷீலாவுக்கு டாக்டர் சொன்னதெல்லாம் கலங்கிப்போனது. போனை மகளிடம் நீட்டினாள்.

"நீயே சொல்லுடி உங்க நைனாகிட்ட."