பஞ்சமக் கம்பி

என் மனைவி பிரவீனாவின் வகுப்பில் நாற்பத்தொரு பேர். என் வகுப்பில் ஏழு பேர். இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே இசைத்துறையில் படிப்பிக்கிறோம். மாத்தளையிலிருந்து ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்புகிறோம். அந்த இரண்டு எண்ணிக்கையையும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு தினமும் பயணம் செய்து பார்த்தால்தான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

நான் படிப்பிப்பது கர்நாடக இசை இலக்கணம், பதினெட்டு வருடமாக. அவள் போன வருடம் தொடங்கியது உலக இசைக் கோட்பாடு. ஒரு நாள் ஜாவாத் தீவின் வெண்கல வாத்தியம், மறுநாள் ஆபிரிக்கத் தாளம், அடுத்த கிழமை கண்டி மேளம். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறார்கள். அந்தப் பாடத்துக்குத் தமிழில் பெயர் வைத்துக் கொடுத்ததே நான்தான். சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டே வைத்துக் கொடுத்தேன். அது எங்கேயும் எழுதப்படவில்லை.

விருப்பப் பாடத்துக்குப் பத்துப் பேர் சேராவிட்டால் அந்த வருடம் அது நடக்காது. பதிவுக்குக் கடைசி நாள் திங்கட்கிழமை. வியாழக்கிழமை துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு ஆறுதல் சொன்னார்.

“நடக்கலன்னா கவலப்படாதீங்க ஜீவராஜ். உங்க மிஸ்ஸிஸ்ட பாடத்துக்கு உதவியா இருக்கலாம்தானே. தம்புரா சுருதி கூட்ட உங்கள விட்டா ஆள் ஏது?”

சிரித்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். பதினெட்டு வருடம் படிப்பித்தவன் இனிப் பெண்டாட்டியின் வகுப்புக்குத் தம்புரா தூக்க வேண்டும். அதை நினைக்க நினைக்க அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பிரவீனா நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லை என்றாள்.

சனிக்கிழமை அவளுக்கு எல்கடுவையில் ஒரு தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் வெளிக்கள வகுப்பு. உலகம் முழுக்க மனிதர்கள் எப்படிச் சுருதி சேர்க்கிறார்கள் என்பதுதான் பாடம். “காலையில தம்புராவக் கூட்டித் தந்திருங்க,” என்றாள். “நீங்க கூட்டினா நான் தொட்டுப் பாக்கவே தேவல்ல.”

காலையில் உட்கார்ந்து நான்கு கம்பியையும் சுத்தமாகக் கூட்டினேன். இந்த வேலையில் எனக்குக் கர்வம் உண்டு, மறைக்கவில்லை. பிறகு முதல் கம்பியில் நுண்சுருதிக்காகக் கோத்திருக்கும் மணியைப் பிடித்து ஒரு நெல் அளவு நகர்த்தித் தளர்த்தினேன். அந்தக் கம்பிக்குரிய பஞ்சமம் இறங்கியது. சாதாரணக் காது அதைப் பிடிக்காது. றிஸ்னாவின் காது பிடிக்கும். என்னுடைய ஏழு பேரில் ஒருத்தி அவள், பிரவீனாவின் வகுப்புக்கும் போகிறவள். மெடம் அந்தக் கம்பியைக் காட்டி இதுதான் சுத்தமான பஞ்சமம் என்று சொல்லும்போது றிஸ்னா கை தூக்குவாள். எனக்கு அவ்வளவு போதும். உலகத்துச் சத்தமெல்லாம் தெரிந்த மெடத்துக்குக் கிட்ட இருக்கிற கம்பி கேட்கவில்லை என்று நாற்பத்தொரு பேருக்கும் தெரிய வேண்டும்.

பிரவீனா வந்தாள். தம்புராவை உறையில் போட்டுக் கட்டினாள். சொன்னபடியே தொட்டுப் பார்க்கவில்லை.

றிஸ்னா கை தூக்குவதைப் பார்க்க நானும் கூடப் போனேன். எல்கடுவையில் பனி மூடியிருந்தது. மண்டபத்துக்கு முன்னால் தோட்டத்துத் தப்பு மேளக்காரர்கள் இரண்டு பேர் சருகை எரித்து அந்தச் சூட்டில் தப்பைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பிரவீனா பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைத்தாள்.

“அண்ணன் என்ன செய்றாரு?”

“தோலக் காய வைக்கிறாரு மெடம்,” என்றான் பிரதீஷ் என்ற பையன்.

“சுருதி கூட்டுறாரு. நீங்க உங்க கீபோர்ட எப்பயாவது சுருதி கூட்டியிருக்கீங்களா? எங்கயோ ஒரு ஃபெக்டரியில யாரோ ஒருத்தர் ஒங்களுக்காக முடிவு பண்ணிட்டாரு. இந்த அண்ணன் தானே முடிவு பண்றாரு. எந்த நாட்டு இசைன்னாலும் மொதல்ல இதத்தான் கேக்கணும். சத்தத்த யாரு முடிவு பண்றாங்க?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல கேள்வி. எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய கேள்வி. பதினெட்டு வருடமாக முதல் வகுப்பில் நான் எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகத்தையும் பலகையில் எழுதிப்போட்டுக்கொண்டிருக்கிறேன், பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள்.

உள்ளே வந்தோம். நான் கடைசி வரிசையில், றிஸ்னாவுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். சாம்பவி என்ற மாணவி தம்புராவை மீட்டத் தொடங்கினாள். றிஸ்னாவின் தலை மெல்ல நிமிர்ந்தது. பிரவீனா பேச வாயெடுத்தாள், நிறுத்தினாள். கண்களை மூடி இன்னொரு சுற்றுக் கேட்டாள். பிறகு கண்ணைத் திறந்து நேரே என்னைப் பார்த்தாள். கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

“இதுல ஒரு கம்பி சேரல்ல,” என்றாள் வகுப்பைப் பார்த்து. “ஜீவராஜ் சேர் வேணும்னே அப்பிடி விட்டிருக்காரு. நீங்க கண்டுபிடிக்கணும்னு. எங்க, கண்டுபிடிங்க பாப்பம்.”

நாற்பத்தொரு பேரும் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு குனிந்தார்கள். இரண்டாவது கம்பி என்றான் பிரதீஷ். நாலாவது என்றாள் இன்னொருத்தி. றிஸ்னா கடைசியில் கை தூக்கினாள்.

“மொதல் கம்பி மெடம். பஞ்சமம் எறங்கியிருக்கு.”

“சேர் வந்து காட்டுவாரு,” என்றாள் பிரவீனா.

போனேன். வேறு என்ன செய்வது? மணியை நகர்த்தி, ஏற்றி, இறக்கி, இரண்டு சத்தம் ஒன்றோடொன்று முட்டும்போது உண்டாகும் அந்த நடுக்கத்தை எப்படிக் கேட்பது என்று காட்டினேன். அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. பிரதீஷுக்கு அந்த நடுக்கம் பிடிபட்டபோது அவன் சத்தம் போட்டே சிரித்துவிட்டான். நான் அதற்கு முன் அப்படி ஒரு வகுப்பு நடத்தியதில்லை. அந்தச் சந்தோஷத்துக்கு நடுவிலும் ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. பிழையை வைத்துப் பாடம் நடத்தலாம் என்று ஒரு நொடியில் அவளுக்குத் தோன்றியிருக்கிறது. பிழையை வைத்த எனக்குத் தோன்றவில்லை.

பகல் சாப்பாட்டு நேரத்தில் நான்கு பேர் வந்து என் பாடத்துக்கு இன்னும் சேரலாமா என்று கேட்டார்கள்.

திரும்பும்போது த்ரீவீலில் தம்புரா எங்கள் இருவர் மடியிலும் கிடந்தது. கொஞ்ச தூரம் இறங்கிய பிறகு நான்தான் பேசினேன்.

“அங்க பனி கூடிப்போச்சு. கம்பி எறங்கத்தான் செய்யும்.”

“பனின்னா நாலும் எறங்கும்,” என்றாள்.

இரண்டு வளைவு தாண்டியதும் அவளே தொடர்ந்தாள்.

“வேற யாராவது கூட்டியிருந்தா, தெரியாம விட்டுட்டாங்கன்னு நெனச்சிருப்பேன்.”

துறையில் எல்லாரும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொள்வது என் காது ஒன்றைத்தான். அதுவே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

திங்கட்கிழமை என் பட்டியலில் பதினொரு பெயர். துறைத் தலைவர் கை கொடுத்தார். “மிஸ்ஸிஸ்ட வகுப்புல பிரமாதமா செஞ்சீங்களாமே,” என்றார். அவள்தான் சொல்லியிருக்கிறாள்.

அடுத்த சனிக்கிழமை அவளுக்கு மறுபடி வெளிக்கள வகுப்பு. காலையில் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தேன். பிரவீனா பாயில் உட்கார்ந்து தம்புராவைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவள் சுருதி கூட்டி நான் பார்த்ததே இல்லை. அவளுக்கு அது வராது, அதனால்தான் என்னைக் கேட்கிறாள் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

வாசலில் நின்று கேட்டேன். ஒரு கம்பியிலாவது குறை இருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே கேட்டேன். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. மறுபடியும் முதலாவது.

“நான் ஒருக்கா பாக்கட்டா?” என்றேன்.

“தேவல்ல. சரியா இருக்கு,” என்று உறையை எடுத்தாள்.

சரியாகத்தான் இருந்தது.